ஏழாம் நம்பர் ஷீட்

ஐந்தரை மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். டேங்க் நிரம்பும் வரை பல் துலக்கினேன். தெரு முனையில் தடுப்பு போட்டிருந்ததால் பால்காரர் முதல் நாளே இரண்டு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றைப் பிரித்துக் காய்ச்சினேன். இரண்டு டம்ளர் டீ. ஒன்றில் சர்க்கரை இல்லை. அதை ஹாலில் மாமாவுக்கு வைத்தேன். முதல் நாள் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டேன். உள் அறைக்குப் போய் என் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். எதிர் மேஜையில் இன்னொன்று இருக்கிறது. அதைத் துடைத்தேன். அதை ஆன் செய்வதில்லை.

அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் அன்றைக்கு உள்ளூர்க்காரன் எங்கும் போக முடியாது. எங்கள் வீடு மலைப்படிக்கு இரண்டு தெரு தள்ளி. இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு, போலீஸ். தெரு முழுக்கக் காவடி. மைக்கில் காணாமல் போனவர்களின் பெயர்களை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஊர், சட்டை நிறம், வயது. ஒரு பெயர் முடிந்தால் அரோகரா. பிறகு அடுத்த பெயர்.

மாமா என்றால் அனுசுயாவின் அப்பா, பஞ்சாட்சரம். அம்மையார்குப்பத்தில் நான்கு பவர்லூம் வைத்திருக்கிறார். அனுசுயா என் மனைவி. போன நவம்பரில் டெங்குவில் இறந்தாள். இருபத்தெட்டு வயது. காரியத்துக்கு வந்தவர், தறிகளை மகனிடம் விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். எட்டு மாதம் முடிந்துவிட்டது.

மனைவி இறந்தால் கணவன் ஒரு வருடம் மலை ஏறக் கூடாது. கட்டிக்கொடுத்த மகள் இறந்தால் அப்பாவுக்கு மூன்று நாள்தான் தீட்டு. நான்காம் நாள் அவர் ஏறலாம். இருபத்திரண்டு வருடம் தொடர்ந்து காவடி எடுத்தவர். இந்த வருடம் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க போய்ட்டு வாங்க மாமா. நான் இருக்கேன்” என்றேன்.

“நீங்க இருக்கறதாலதான் மாப்ள நானும் இருக்கேன். மூணு நாளாம், மூணு நாளு. எவன் வெச்சான் அந்தக் கணக்க? பொண்ணு பெத்தவன் வெச்சிருக்க மாட்டான்.” ஒரு மடக்கு குடித்தார். “இத டீன்னு சொன்னா டீத்தூள் கோச்சிக்கும்.”

நான் உள்ளே போனேன்.

வேலை இதுதான். போர்னியோவின் கிழக்குக் கரையில் ஒரு தீவு. பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே எண்ணெய் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு முறை கடல் வழியாக வந்து அதைப் பிடித்தார்கள். முதலில் வந்தவர்கள் எண்ணெய்க்காக வந்தார்கள். இருந்தவர்கள் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். மூன்று வருடம் கழித்து வேறொரு படை அதே சேற்றில் இறங்கியது. அந்த இரண்டாம் படைக்காக அச்சிட்ட வரைபடங்கள்தான் எங்களிடம் வருகின்றன. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைந்தவை. கறுப்பில் சாலை. நீலத்தில் தண்ணீர். சிவப்பில் எதிரி வைத்தவை: பீரங்கி, பள்ளம், கண்ணிவெடி, படகு கரை சேராதபடி சேற்றில் வரிசையாக நட்ட தண்டவாளத் துண்டுகள். எண்ணெய்த் தொட்டிகள் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.

இப்போது அங்கே புதிய குழாய் பதிக்கிறார்கள். மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. எங்கே தோண்டலாம் என்பதைப் பழைய வரைபடத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அந்தக் காகிதத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அதன் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். அன்றும் இன்றும் மாறாத இடங்களைத் தேடி இரண்டிலும் புள்ளி வைக்க வேண்டும். சாலை பிரியும் முனை, தொட்டியின் அடித்தளம், மதகு. பன்னிரண்டு புள்ளியாவது வேண்டும். ஷீட் முழுக்கப் பரவி இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வைத்தால் அந்த மூலை பொருந்தும், எதிர் மூலை எங்கோ போய்விடும்.

கம்பெனி சென்னையில். நாங்கள் வீட்டிலிருந்து செய்தோம். ஜோடியாகத்தான் வேலை கொடுப்பார்கள். ஒருவர் வரைய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேருடைய லாகினும் விழுந்தால்தான் ஷீட் போகும். அனுசுயா வரைந்தாள். நான் சரிபார்த்தேன். இப்போது சென்னையில் மற்றவர்கள் வரைவதை மட்டும் சரிபார்க்கிறேன். அப்பா எதிரில் என்னை ‘ஏங்க’ என்பாள். இந்த அறைக்குள் ‘அரசு’.

எட்டே காலுக்கு மேனேஜர் முரளிதரன் கூப்பிட்டார். ஊரில் இருந்த லட்சம் பேரும் போனில் இருந்தார்கள். மூன்று முறை அறுந்து, நான்காவது முறை கேட்டது.

“அரசு, மெயில் பாத்தீங்களா?”

“நெட் வரல சார்.”

“ஷீட் ஏழு. சைட்ல நேத்து ஒண்ணு கெடச்சிருக்கு. நாம க்ளியர்னு போட்ட பச்சைப் பட்டைக்குள்ள.”

“வெடிச்சிதா?”

“இல்ல. துரு புடிச்சிக் கெடந்திருக்கு. ட்ரில் போட்ட ஆளு சத்தம் வேற மாதிரி இருக்குன்னு நிறுத்திட்டான். அவனுக்கு நல்ல காது. வேற எவனாவது இருந்தா அந்த டீமே…” லைன் போய் வந்தது. “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டு வேணும். திருத்தின ஷீட் ஒண்ணு. ஒரு ஃபார்ம். யார் வரைஞ்சது, யார் செக் பண்ணது, எப்படி ஆச்சு.”

“சரி சார்.”

“லாக் எடுத்துப் பாத்துட்டேன். நவம்பர் இருபத்தொம்போது. காலைல பதினொண்ணு இருபதுக்கு அனுசுயா லாகின். பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு உங்களுது. அடுத்த நாள் அந்தப் பொண்ணு…” நிறுத்தினார். “காய்ச்சலோட உக்காந்து பண்ணியிருக்கு, பாவம். யாருக்கா இருந்தாலும் தப்பு வரும். அதையே எழுதிடுங்க. அதுக்கு மேல அவங்க கேக்க மாட்டாங்க. உங்களுக்கும் ஒண்ணும் வராது.”

நான் எதிர் மேஜையைப் பார்த்தேன்.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.”

நவம்பர் இருபத்தொன்பது, காலை பதினொன்று இருபதுக்கு அனுசுயா அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். இரண்டாம் நாள். கையில் ட்ரிப்ஸ். அவள் லாகினைப் போட்டது நான். ஷீட் ஏற இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஏறியதும் என் லாகினைப் போட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் செய்தேன். எதையும் சரிபார்க்கவில்லை.

முப்பதாம் தேதிக்குள் போகாவிட்டால் அடுத்த தொகுப்பு வேறு ஜோடிக்குப் போகும். ஏழு மட்டும்தான் பாக்கி. அவள் வரைந்து முடித்துவிட்டாள் என்று நானே வைத்துக்கொண்டேன். பார்வைக்குச் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் மாமாவிடம் துணி எடுத்துவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். வேலை முடிந்ததும் இரண்டு நைட்டி, ஒரு துண்டு, சீப்பு எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். அதற்குள் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கதவுக்கு வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். “இப்பதான் மாப்ள. இப்பதான் கொண்டும்போனாங்க” என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார். துணிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் விடியற்காலை அவள் போய்விட்டாள். ஐ.சி.யு.வுக்குள் போன பிறகு பேசவே இல்லை.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. துணி எடுக்கப் போனவனுக்கு ரயில் தாமதமாகியிருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். காரியத்தில் யாரோ கேட்டபோது அவரே அப்படிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஷீட்டைத் திறந்தேன். எட்டு மாதமாக அதைத் திறக்கவில்லை. நான்கு புள்ளிகள். நான்கும் தெற்கே, துறைமுகம் இருக்கும் மூலையில். அதில் ஒன்று படகுத்துறையின் முனையில். பழைய படகுத்துறை போரில் எரிந்துபோனது. இப்போது இருப்பது பிறகு கட்டியது, வேறு இடத்தில். அது தெரிந்தவள்தான் அவள். தற்காலிகமாக வைத்து, மற்றவற்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பாதியில் காய்ச்சல் வந்துவிட்டது.

படகுத்துறைப் புள்ளியை எடுத்தேன். வடக்கே தேட ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் முழுக்க அலையாத்திக் காடு. எழுபத்தைந்து வருடத்தில் கரையே நகர்ந்திருக்கிறது. ஒரு மதகு கிடைத்தது. இரண்டு தொட்டிகளின் அடித்தளம், புதருக்குள் வட்டமாக.

ஷீட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலால் நேரங்கள் எழுதியிருக்கிறார். நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம். படை இறங்குவதற்கு முதல் நாள், நீர் வற்றியபோது சிலர் இடுப்பளவு சேற்றில் நடந்துபோய், அந்தத் தண்டவாளங்களுக்கு வெடி வைத்துப் பெயர்த்தார்கள். பெயர்த்த இடங்களைப் பச்சைப் பென்சிலால் குறித்தார்கள். அந்தப் பச்சைதான் எங்கள் மேப்பில் பட்டை. அதற்கு வெளியே போன படகு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அடுத்த முறை நீர் ஏறும் வரை அங்கேயே நிற்க வேண்டும். எதிரே மேட்டில் துப்பாக்கி.

“இன்னா மாப்ள, சண்டை எதுவரைக்கும் வந்துகினு கீது?”

மாமா கதவில் நின்றார். கையில் உப்புமாத் தட்டு. அவர் கிருத்திகை விரதம், தட்டு எனக்கு. தினமும் இதைக் கேட்பார். அனுசுயா இருக்கும்போது அவளைக் கேட்பார்.

“கரைல நிக்கறாங்க மாமா.”

“அன்னிக்கும் கரைலதான் நின்னாங்க.” தட்டை வைத்தார். “ரெண்டு தபா அடிச்சிகினாங்கன்னு அனுசு சொல்லும். ஒரே எண்ணெய்க்கா?”

“ஆங்.”

“கெடச்சிதா?”

“ரெண்டு தபாவும் கெணறு எரிஞ்சிகினு இருந்துச்சி.”

“மொதல்ல வந்தவனுக்குத் தெரியாது, சரி. ரெண்டாவது வந்தவனுக்குமா தெரியாது?” சிரித்தார். “எங்க ஊர்ல பங்காளிங்க பரவால்ல. தென்னமரத்த மட்டும்தான் வெட்டுவானுங்க.”

வாசலில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் போனார். அவர் ஊர்க்காரர் தணிகைமணி, மயில்தோகை காவடியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

“யோவ் பஞ்சாட்சரம், உனக்கு மூணு நாளோட போச்சேய்யா. மருமவனுக்கு இன்னா, பொண்டாட்டி மாதிரி காவல் காத்துகினு கீற?”

“தண்ணிய குடிச்சமா போனமான்னு இருக்கணும். வாய்ல வேல் குத்திகினு வந்திருந்தா புண்ணியமா போயிருக்கும், பேச மாட்ட.”

“அந்தாளு இன்னும் அதே மேப்பு வேலதானா?”

“ஆங். எம் பொண்ணு போட்டு வெச்சது. அத நம்பித்தான் அங்க குழா பொதைக்கறாங்க. நூல் பிசகாது. தறில அவ அறுந்த நூல் புடிக்கறத நீதான் பாத்திருக்கியே. வெளிநாட்டுக்காரன் தேடி வந்தான்யா அவ கைய.”

“கொடுத்து வெக்கல.”

“ஆங். கொடுத்து வெக்கல.”

காவடி தூக்கும் சத்தம். சலங்கை. அரோகரா.

இரண்டு மணிக்குள் பதினான்கு புள்ளிகள் ஆகிவிட்டன. பொருத்தினேன். தெற்கு மூலை லேசாக அசைந்தது. வடக்கு ஓரம் முழுதாக நகர்ந்தது. அளந்தேன். நூற்று நாற்பது மீட்டர். பச்சைப் பட்டை இருந்த இடத்தில் சிவப்புப் புள்ளிகள் வந்து நின்றன. அந்த ஆள் ட்ரில் போட்டது அவற்றின் நடுவில்.

இரண்டாம் முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறையும். சரிபார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை என்று மெயிலில் எழுதி, ஷீட்டை அதோடு சேர்த்து அனுப்பினேன். ஏற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு ஃபார்ம். ஆங்கிலத்தில் நான்கு கட்டங்கள். வரைந்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் ஏற்கெனவே இருந்தது. சரிபார்த்தவர் கட்டத்தில் என் பெயர். தேதி, நேரம். கடைசியில் காரணம். அது காலி.

‘வரைந்தவர் அன்று உடல்நலமின்றி இருந்தார்’ என்று அடித்தேன். படித்தேன். அதில் பொய் இல்லை. எந்த வார்த்தையும் பொய் இல்லை. முரளிதரனுக்கு அது போதும். தீவில் இருப்பவர்களுக்கும் போதும். சரியான ஷீட் அவர்களிடம் போய்விட்டது. அனுப்பினால் அவள் வரைந்த முப்பத்தோரு ஷீட்டின் மேலும் ஒரு குறிப்பு விழும். வேறு யாரையாவது வைத்து எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் குறிப்பு இருக்கும். அந்தத் தீவின் பட்டியலில் அவள் பெயர், தப்பு செய்தவள் என்று. உண்மையை எழுதினால் வேலை போகும். அது பெரிதில்லை. நேரத்தை எழுத வேண்டும். எழுதிவிட்டு ஹாலுக்குப் போய் அவர் எதிரில் உட்கார வேண்டும்.

நான்கு இருபது. அனுப்பு என்ற பட்டனின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா தட்டை எடுக்க வந்தார். உப்புமா அப்படியே இருந்தது. திட்டப் போனவர், திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் பெயர் மட்டும் தெரியும். அவள் சான்றிதழ்களை எல்லாம் லேமினேட் செய்து வைத்தவர்.

“இது அனுசு பேராச்சே. எதுக்குப் போட்ருக்கு?”

“மேப்ல ஒரு தப்பு வந்துடுச்சி மாமா.”

“இன்னா தப்பு?”

“தப்பான எடத்துல தோண்டிட்டாங்க. வெடிகுண்டு இருந்துச்சி. வெடிக்கல. யாருக்கும் ஒண்ணும் ஆவல.”

தட்டைப் பிடித்தபடி நின்றார். “அவ செஞ்ச தப்பா?”

நான் திரையைப் பார்த்தேன். ஆங் என்று சொன்னால் போதும். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு, காய்ச்சல்ல செஞ்சிருப்பா என்று அவரே சொல்லிக்கொண்டு போயிருப்பார். இரவு எனக்கு மறுபடி உப்புமா கிண்டியிருப்பார்.

“இல்ல மாமா. நான்.”

“பின்ன எதுக்கு அவ பேரு?”

“அவ லாகின்ல நான்தான் அனுப்பனேன். அவ முடிக்கல. பாதில விட்டிருந்தா. அன்னிக்கி ஆஸ்பத்திரிலருந்து வந்து அனுப்பனேன்.”

“என்னிக்கி?”

“துணி எடுக்கப் போறேன்னு சொன்னனே. அன்னிக்கி.”

அவர் தட்டை மேஜையின் மேல் வைத்தார். ஹாலுக்குப் போனார். செருப்பு போடும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். தெருவில் போலீஸ்காரரின் குரல், “பெரியவரே, இப்பிடி போவ முடியாது, உள்ள போங்க.” கதவு மூடும் சத்தம். திரும்ப வந்தார். செருப்போடு வந்து நின்றார்.

“போய் நிக்கறதுக்குக்கூட எடமில்ல” என்றார்.

நான் காரணக் கட்டத்தில் இருந்ததை அழித்தேன். புதிதாக அடித்தேன். நவம்பர் 29, காலை 11:20க்கு அனுசுயா மருத்துவமனையில் இருந்தார். இரண்டு லாகினும் நான் போட்டது. ஷீட்டை நான் சரிபார்க்கவில்லை. அவர் இதை முடித்ததாகச் சொல்லவில்லை. பிழை என்னுடையது மட்டும். அனுப்பினேன். திரையில் வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போயிற்று.

மாமா அனுசுயாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த எட்டு மாதத்தில் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

“நீ அனுப்பப் போறன்னு அவளுக்குத் தெரியுமா?”

அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

“ஷீட்ட பத்திச் சொன்னேன். அனுப்பிடட்டுமான்னு கேட்டேன்.”

“நான் டீ வாங்கப் போயிருந்தப்பவா?”

“ஆங்.”

“திரும்பி வந்து நான் பேசனேன். கண்ண மூடிகினே இருந்தா. எனக்கு ஒண்ணும் சொல்லல.” முழங்கால்களின் மேல் கைகளை வைத்துக்கொண்டார். “அப்ப உங்கிட்டதான் கடைசி. இன்னா சொன்னா? நீ சேக்காத. அவ சொன்னத மட்டும் சொல்லு.”

நான் கதவருகில் நின்றிருந்தேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று. அவள் தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள். உதடு வெடித்திருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். நான் சரி என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அனுப்பாத அரசு. நாலு பாயின்ட்டுதான் வெச்சிருக்கேன், பத்தாது. நான் வந்து பாத்துக்கறேன்.”